மலிவுச் சித்திரங்களின் வரலாறு

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைக் கடந்ததும் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று மேற்காகவும், வல்லம் வடகால், ஒரகடம் என்று தெற்காகவும் ஒரு தொழில் நிலம் விரிகிறது. 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்பேசிகள் செய்யத் தொடங்கியது. 2014 நவம்பர் 1 அன்று அந்த ஆலை மூடப்பட்டது. அதன்பின் 2019ல் இதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐஃபோன்கள் பூட்டப்படலாயின. ஏரிகளும் நெல்வயல்களும் இருந்த நிலம் கால் நூற்றாண்டில் உலகத்தின் சட்டைப்பைக்குப் பொருள் அனுப்பும் இடமாக மாறிய கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது.

நாம் இங்கு பேச எடுத்துக்கொள்வது வேறொரு கதை. இங்கே பூட்டப்படும் செல்பேசி, பேசுவதற்கான கருவி என்ற நிலையைக் கடந்து வெகுகாலமாகிறது. அது படம் எடுக்கும் கருவி, படம் பார்க்கும் கருவி. 2022க்குப் பிறகு, இல்லாத ஒன்றைச் சொற்களால் விவரித்தால் அதைப் படமாக்கித் தரும் கருவியாகவும் ஆகியிருக்கிறது. தன் கதைக்கு ஒரு படம் வேண்டும் என்பவர், குழந்தைக்கு இரவில் சொன்ன கதையின் யானையைக் காகிதத்தில் காண விரும்புபவர், ஊர்த் திருவிழா அழைப்பிதழுக்கு ஒரு முகப்பு தேடுபவர் ஆகிய யாவரும் இன்று கேட்கும் கேள்வி ஒன்றே. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு படம் செய்வதற்கு மலிவான வழி எது?

இதற்குச் சில மென்பொருள்களின் பெயர்களைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்தப் பட்டியல் ஆறு மாதத்தில் பழையதாகிவிடும். மலிவு என்ற சொல்லுக்குப் பின்னே இருக்கும் வரலாறு அப்படிப் பழையதாவதில்லை. நம் வீடுகளுக்குப் படங்கள் மலிவாக வந்து சேர்ந்தது இது முதல் முறையன்று. ஒவ்வொரு முறையும் பார்ப்பவனுக்குக் கிடைத்த லாபம் உண்மையானதாகவே இருந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதன் விலையின் ஒரு பகுதியை வேறு யாரோ செலுத்தியும் இருக்கிறார்கள்.

1

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் காஞ்சிபுரம் போய்விடலாம். அங்கே கைலாசநாதர் கோயிலின் திருச்சுற்றுச் சிற்றாலயங்களில் எட்டாம் நூற்றாண்டின் பல்லவ ஓவியங்கள் சிதைந்த நிலையில் எஞ்சியிருக்கின்றன. பின்வந்த சுண்ணாம்புப் பூச்சுக்குள் மறைந்திருந்த அவற்றை 1931ல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் கண்டறிந்து உலகறியச் செய்தார். ராஜசிம்மன் காலத்தில் அந்த வண்ணங்களைச் சுவரில் ஏற்ற ஓர் அரசின் கருவூலம் தேவைப்பட்டது. ஓவியம் சுவரோடு இருந்தது. பார்க்க விரும்பியவன் அங்கே போகவேண்டும். போவதற்கு அவனுக்கு அனுமதியும் இருக்கவேண்டும்.

இந்த நிலையை மாற்றியது கல்லச்சு. திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்தவரும் கும்பகோணத்தில் பிறந்தவருமான டி. மாதவ ராவ், ரவிவர்மாவின் ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பிப் பிரதியெடுக்கச் செய்யலாம் என்று 1880களில் யோசனை கூறினார். ரவிவர்மா ஒரு படி மேலே சென்று 1894ல் பம்பாயில் சொந்தமாகவே அச்சகம் தொடங்கினார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல். ஒரே தாள் பல கற்களின்மீது பலமுறை படிந்து எழும்போது லட்சுமியும் சரஸ்வதியும் முழு வண்ணத்தில் வெளிவந்தார்கள். அச்சகம் பின்னர் லோனாவ்லா அருகே மாலவ்லிக்கு மாறியது. கடனும் நிர்வாகத் தொல்லைகளும் தாளாமல் அதை ஃபிரிட்ஸ் ஷ்லைக்கர் என்ற ஜெர்மானியத் தொழில்நுட்பருக்கு விற்றார்கள். படங்களைப் பயன்படுத்தும் உரிமையும் அந்த விற்பனையோடு போயிற்று. அதன்பின் அந்தத் தேவியர் பஞ்சாங்க அட்டைகளிலும் விளம்பரங்களிலும் தீப்பெட்டிச் சீட்டுகளிலும் தோன்றினார்கள். ஓவியனின் தூரிகை பிறர் வாணிபத்தின் பகுதியாயிற்று.

அன்றைய கலை விமர்சகர்கள் இதை வரவேற்கவில்லை. ஆனந்த குமாரசாமி 1907ல் ரவிவர்மாவின் ஓவியங்களைக் கடுமையாக மறுத்து எழுதினார். அவர் சொன்னதில் அழகியல் நியாயம் இருந்தது. ஆனால் அவர் பார்க்கத் தவறிய வேறொரு நியாயமும் இருந்தது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியினர் முதன்முதலாக நுழைந்தது 1939 ஜூலை 8 அன்றுதான். கருவறையைக் காணவே உரிமை மறுக்கப்பட்டிருந்தவரின் குடிசைச் சுவரில், சில அணாக்களுக்கு வாங்கிய தாளில், தெய்வம் நேருக்கு நேர் நின்றது. இதை ரசனைக் குறைவு என்று சொல்லி ஒதுக்குவது, சுவரோவியத்தின் முன் நிற்க முடிந்தவர்களுக்கு மட்டுமே எளிது.

2

தமிழ்நாட்டில் இந்தக் கதையின் அடுத்த பகுதி கரிசல் பூமியில் நிகழ்ந்தது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு மேலே ஒட்டச் சீட்டு வேண்டும். சீட்டுக்கு அச்சு வேண்டும். இவ்வாறு தீக்குச்சியின் தேவைக்காக வந்த அச்சுத் தொழில், சில பத்தாண்டுகளில் நாடு முழுவதற்கும் நாட்காட்டி அச்சிட்டுத் தரும் அளவுக்கு வளர்ந்தது.

அந்த நாட்காட்டிகளுக்கு முகம் தந்தவர் சி. கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, சில காலம் திருவண்ணாமலையில் ரமணரின் அருகில் இருந்து, பின் நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதி ஊர் ஊராகச் சென்றவர். அவர் இருந்த நாடகக் குழு 1940களின் தொடக்கத்தில் கோவில்பட்டியில் கலைந்தபோது அங்கேயே தங்கிவிட்டார். தேவி ஆர்ட் ஸ்டூடியோ அங்கே உருவாயிற்று. டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம் போன்ற சீடர்கள் அவரிடம் தொழில் கற்றார்கள். நம் வீட்டுப் பூஜையறைகளில் இன்றும் இருக்கும் முருகனின் புன்னகையும் மீனாட்சி திருக்கல்யாணத்தின் அமைப்பும் பெரும்பாலும் இந்தக் கூட்டத்தார் வகுத்தவை.

இங்கு இரண்டு செய்திகள் நம் பொருளுக்கு முக்கியமானவை. முதலாவது, நாட்காட்டி பார்ப்பவனுக்கு முற்றிலும் இலவசம். மளிகைக் கடைக்காரரோ ஜவுளிக் கடைக்காரரோ விலை கொடுத்தார். பதிலுக்குத் தெய்வத்தின் காலடியில் கடையின் பெயர் ஓராண்டு காலம் இருந்தது. இலவசப் படத்துக்கு விளம்பரதாரர் ஒருவர் உண்டு என்பதைத் தமிழர்கள் இணையத்துக்கு நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தார்கள். இரண்டாவது, அந்தப் பாணி எவரிடமிருந்து வந்தது என்று சொல்ல முடிந்தது. சீடன் குருவின் கோட்டைப் பின்பற்றினான். குருவின் வீட்டில் வண்ணம் குழைத்துக் கற்றான். குருவின் பெயரோடு தன் பெயரையும் சேர்த்துக் கையெழுத்திட்ட படங்கள் உண்டு. அச்சு முதலாளியின் லாபத்தோடு ஒப்பிட்டால் ஓவியனுக்குக் கிடைத்தது சொற்பமே. ஆயினும் அந்தப் படத்தின் மூலையில் அவன் பெயர் இருந்தது.

இதற்கிடையே ஒளிப்படம் வந்திருந்தது. 1839ல் டகேரின் கண்டுபிடிப்பைப் பிரெஞ்சு அரசு விலைக்கு வாங்கி உலகுக்கு அளித்தது. 1856ல் சென்னையில் ஒளிப்படச் சங்கம் ஒன்று தோன்றிவிட்டது. 1858ல் லின்னேயஸ் டிரைப் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்துக் கொண்டிருந்தார். 1859ல் பாரீஸில் பொதலேர், ஓவியர்களாக வெல்ல முடியாதவர்களின் புகலிடம் இது என்ற பொருளில் ஒளிப்படத்தைச் சாடினார். இன்று செயற்கை நுண்ணறிவுப் படங்களைப் பற்றிச் சொல்லப்படும் பலவற்றை அந்தக் கட்டுரையில் ஏற்கனவே காணலாம். முகத்தோற்ற ஓவியர்கள் பலர் அன்று வேலை இழந்தது உண்மை. ஏழைக் குடும்பம் ஒன்று தன் பாட்டியின் முகத்தை அவள் இறந்த பின்னும் வைத்துக்கொள்ள முடிந்ததும் உண்மை.

3

கணிப்பொறி வரைவது புதிதன்று. ஹரால்ட் கோஹன் என்ற ஓவியர் 1970களிலேயே ஆரன் என்ற நிரலை எழுதி வரையச் செய்தார். 2014ல் இயன் குட்ஃபெல்லோவும் நண்பர்களும், ஒன்றையொன்று ஏமாற்ற முயலும் இரு நரம்பு வலைப்பின்னல்களின் மூலம் புதிய படங்களை உருவாக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அவ்வழியில் பிறந்த ஒரு மங்கலான உருவப்படம் 2018 அக்டோபரில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 4,32,500 டாலருக்குப் போனது. மலிவு என்பதற்கு நேர் எதிர்த்திசை அது.

சொல்லைக் கொடுத்துப் படத்தைப் பெறும் வழியை 2021 ஜனவரியில் ஓப்பன் ஏஐ நிறுவனத்தின் டாலி காட்டியது. அடுத்து வந்த டாலி 2, 2022 ஏப்ரலில் அறிமுகமானபோது அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. அதே கோடையில் போரிஸ் டைமா என்பவரின் சிறிய மாதிரி ஒன்று, பின்னர் க்ரேயான் என்று பெயர் பெற்றது, எவரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி இணையத்தில் இருந்தது. உருகிய முகங்களையும் ஆறு விரல்களையும் அது தந்தது. மக்கள் சிரித்துக்கொண்டே பயன்படுத்தினார்கள்.

திருப்பம் 2022 ஆகஸ்ட் 22 அன்று வந்தது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற மாதிரி அன்று பொதுவில் வெளியிடப்பட்டது. மியூனிக் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குழுவும் ரன்வே, ஸ்டெபிலிட்டி ஏஐ நிறுவனங்களும் இதன் பின்னே இருந்தன. இது ஏன் மலிவாயிற்று என்பதைப் புரிந்துகொள்ளச் சிறிது நுட்பம் பேசவேண்டும். ஒரு படத்தின்மீது சிறிது சிறிதாகப் புள்ளி இரைச்சலைத் தூவிக்கொண்டே போனால் இறுதியில் வெறும் இரைச்சலே மிஞ்சும். இந்த இரைச்சலைப் படிப்படியாக நீக்கக் கற்றுக்கொடுத்தால், வெறும் இரைச்சலிலிருந்து தொடங்கி, நாம் தரும் சொற்களின் வழிகாட்டலில் ஒரு புதிய படத்துக்கு வந்து சேரும். இதை முழுப் படத்தின்மீது செய்தால் பெருஞ்செலவு. மியூனிக் குழுவினர் படத்தை முதலில் ஒரு சுருக்கக் குறிப்பாக மாற்றி, அந்தக் குறிப்பின்மீதே வேலையைச் செய்தார்கள். 512க்கு 512 என்ற அளவுள்ள வண்ணப் படத்தில் 7,86,432 எண்கள் உள்ளன. அதன் சுருக்கக் குறிப்பில் 16,384 மட்டுமே. நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. பெருநிறுவனங்களின் கணிப்பொறிக் கூடத்தில் மட்டுமே நடக்கக்கூடியதாக இருந்த வேலை, வீட்டு மேசையில் நடக்கக்கூடியதாயிற்று.

அதைப் பயிற்றுவிக்க ஏறத்தாழ ஆறு லட்சம் டாலர் செலவானதாக அந்நிறுவனத்தின் தலைவர் அப்போது கூறினார். அந்தச் செலவின் பயன் நான்கு ஜிகாபைட் அளவுள்ள ஒரு கோப்பில் அடங்கி எவரும் இறக்கிக்கொள்ளும்படி கிடைத்தது. சில வாரங்களுக்குள் ஆர்வலர்கள் அதற்குப் பயன்பாட்டு முகப்புகளை எழுதினார்கள். தம் ரசனைக்கேற்பத் திருத்திப் பயிற்றுவித்தார்கள். ஒருவர் செய்ததை மற்றவர் எடுத்துக்கொண்டார்கள். ஐம்பது படிகள் தேவைப்பட்ட இடத்தில் ஒரே படியில் படம் தரும் வகை 2023 நவம்பரில் வந்தது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் ஆய்வாளர்களில் சிலர் பிரிந்து தொடங்கிய பிளாக் ஃபாரஸ்ட் லேப்ஸ், 2024 ஆகஸ்டில் ஃப்ளக்ஸ் என்ற மாதிரியை வெளியிட்டது. அதன் ஒரு வடிவம் வணிகப் பயன்பாட்டுக்கும் தடையில்லாத உரிமத்தோடு வந்தது.

இதுவே முதல் வாசல்: சொந்தக் கணிப்பொறி. படத்துக்குக் காசில்லை, மின்சாரத்துக்கு மட்டும்தான். எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை; நாம் கேட்டது வெளியே போவதுமில்லை. ஆனால் அதற்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். இலவசம் என்று திறந்த வாசலின் படி பல்லாயிரம் ரூபாய் உயரத்தில் இருந்தது. கார்டு இல்லாதவர்கள் கூகுளின் கோலாப் சேவையில் இரவல் கணிப்பொறியை இலவசமாகப் பயன்படுத்தினார்கள். கூட்டம் பெருகவே 2023 ஏப்ரலில், கட்டணமில்லாக் கணக்குகளில் இவ்வகைப் பட முகப்புகளை இயக்குவதை கூகுள் தடுத்தது.

இரண்டாம் வாசல் சந்தா. மிட்ஜர்னி 2022 ஜூலையில் பொதுச் சோதனைக்குத் திறந்தது; குறைந்தபட்சக் கட்டணம் மாதம் பத்து டாலர். முதலில் இருபத்தைந்து படங்கள் வரை இலவசமாகத் தந்துகொண்டிருந்தார்கள். பஃபர் அங்கி அணிந்த போப்பாண்டவரின் பொய்ப்படம் உலகைச் சுற்றிய 2023 மார்ச் இறுதியில் அந்த இலவசமும் நின்றது. மூன்றாம் வாசல் பெருநிறுவனங்களின் தானம். அதே மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் தன் பிங் தேடுபொறியோடு படம் செய்யும் வசதியைக் கட்டணமின்றி இணைத்தது.

4

இந்த மூன்று வாசல்களையும் ஒரகடத்திலிருந்து பார்க்கவேண்டும்.

2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளர் விடுதி ஒன்றின் உணவால் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுடைய தோழிகள் நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். ஆலை சில வாரங்கள் மூடிக்கிடந்தது. ஏறத்தாழ 10,500 ரூபாய் என்று அவர்களுடைய மாத ஊதியம் அப்போது செய்திகளில் வந்தது. அடுத்த ஆண்டின் பத்து டாலர் என்பது நம் கணக்கில் எண்ணூறு ரூபாய். ஊதியத்தில் பதின்மூன்றில் ஒரு பங்கு. கலிஃபோர்னியாவில் இரண்டு கோப்பைக் காப்பியின் விலை என்று சொல்லி விற்கப்படும் பொழுதுபோக்கு, இங்கே இரண்டு நாளின் உழைப்பு. ஸ்டேபிள் டிஃப்யூஷன் வெளியான ஒரு மாதத்தில், 2022 செப்டம்பரில், அப்போது புதியதாக இருந்த ஐஃபோன் 14 இந்தியாவில் தயாராவதாக ஆப்பிள் அறிவித்தது. படக் கருவியைப் பூட்டும் விரல்களுக்கும் படக் கருவியின் சந்தாவுக்கும் இடையே இருந்த தொலைவை அந்தக் கணக்கு சொல்கிறது.

ஆலைகளிலும் மாற்றம் நிகழாமலில்லை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பெண் தொழிலாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. அடுத்த மாதம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்க உரிமைக்காக 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எனினும் படத்துக்கான விலைத்தடையை நீக்கியது ஊதிய உயர்வன்று, போட்டி. 2025 மார்ச்சில் சாட்ஜிபிடியில் புதிய பட வசதி வந்து, சில நாட்களில் இலவசக் கணக்குகளுக்கும் கிட்டியது. ஆகஸ்ட் இறுதியில் கூகுளின் நானோ பனானா வந்தது. செப்டம்பரில் இந்தியப் பெண்கள் பலரும் தம் முகத்தைக் கொடுத்து, பழைய திரைப்படச் சுவரொட்டிபோல் சேலை காற்றில் பறக்கும் படத்தைப் பெற்றுக்கொண்டிருந்தார்கள். அக்டோபர் 30 அன்று ஜியோ, 35,100 ரூபாய் மதிப்பு என்று சொல்லப்பட்ட கூகுள் ஏஐ ப்ரோ சந்தாவைப் பதினெட்டு மாதங்களுக்கு இலவசமாக அறிவித்தது. முதல் தகுதி 18 முதல் 25 வயதினருக்கு. நவம்பர் 4 முதல், 399 ரூபாய் மாதச் சந்தாவான சாட்ஜிபிடி கோ ஓராண்டுக்கு இலவசமாயிற்று.

விடுதிக் கட்டிலில் அமர்ந்து, இரவுப் பணிக்கு முன் அரை மணி நேரத்தில், தன் குலதெய்வத்தின் குதிரையை வானத்தில் பறக்கவிட்டுப் பார்க்க ஒரு பெண்ணுக்கு இப்போது காசு தடையில்லை. இது சிறிய செய்தியன்று. கோயிலுக்குள் விடப்படாதவரின் சுவருக்கு ஓலியோகிராஃப் வந்ததைப் போன்ற செய்தி. கற்பனை செய்யும் உரிமை அவளுக்கு எப்போதும் இருந்தது. அதைப் பிறர் காணும்படி முன்வைக்கும் வசதி இருக்கவில்லை.

ஆனால் மளிகைக் கடை நாட்காட்டியின் அடியில் கடைப்பெயர் இருந்தது. இந்தப் படத்தின் அடியில் அப்படி ஒன்றும் தெரிவதில்லை என்பதால் விளம்பரதாரர் இல்லை என்றாகிவிடாது. ஓராண்டு, பதினெட்டு மாதம் என்ற காலவரம்பே அவருடைய கையெழுத்து.

5

விலையின் மறுபகுதியைச் செலுத்துபவர்கள் யார்?

முதலில் ஓவியர்கள். ஸ்டேபிள் டிஃப்யூஷன், லாயன் என்ற ஜெர்மானிய அமைப்பு திரட்டிய பட்டியலைக்கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது. அந்தப் பட்டியலில் இணையத்தில் இருந்த 585 கோடிப் படங்களின் முகவரிகளும் அவற்றின் குறிப்புகளும் இருந்தன. வரைந்தவர்கள் எவரிடமும் கேட்கப்படவில்லை. போலந்து ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கியின் பெயரைச் சேர்த்தால் படம் கம்பீரமாக வருகிறது என்று 2022ல் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். விரைவில் அவர் பெயரைத் தேடினால் அவர் வரையாத படங்களே முன்னே வந்தன. 2023 ஜனவரியில் சாரா ஆண்டர்சன், கெல்லி மெக்கெர்னன், கார்லா ஓர்ட்டிஸ் ஆகிய மூன்று ஓவியர்கள் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார்கள். 2025ல் உலகமே தன் குடும்பப் படங்களை ஜிப்லி பாணிக்கு மாற்றி மகிழ்ந்தது. கணிப்பொறி தானாக இயக்கிக் காட்டிய அசைவுப்படத்தை, அந்தப் பாணியின் மூலவரான மியாசாகி 2016லேயே வெறுப்போடு நிராகரித்திருந்தார். கோவில்பட்டிச் சீடனின் கையெழுத்துக்குப் பக்கத்தில் குருவின் பெயர் இருந்த நிலையோடு இதை ஒப்பிடலாம்.

அந்தப் பட்டியலில் நாம் எவ்வளவு இருந்தோம் என்பதும் கேட்கத்தக்கது. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் பயிற்சிக்கு ஆங்கிலக் குறிப்புள்ள படங்களே எடுத்துக்கொள்ளப்பட்டன. ஆகவே தமிழில் கேட்டால் அதற்குப் புரியவில்லை. தமிழ் எழுத்து கேட்டால் எம்மொழியிலும் இல்லாத வளைவுகளை வரைந்தது. பின்வந்த பெரிய மாதிரிகள் தமிழைப் புரிந்துகொள்கின்றன. ஆயினும் ஒரு படம் எத்தகைய கோபுரத்தைத் தரும் என்பதை, இணையத்தில் யார் எந்தக் கோபுரத்துக்கு என்ன குறிப்பு எழுதினார்கள் என்பதே தீர்மானிக்கிறது. ஆனந்த விகடனுக்காகக் கோயில் கோயிலாகச் சென்று, தூணின் முன் அமர்ந்து அதன் ஒவ்வொரு மடிப்பையும் கோட்டில் எழுதிய சில்பியின் நினைவு இங்கே வராமலிருக்காது. அவர் வரைந்த தூண் எந்த ஊரில் இருக்கிறது என்று போய்ப் பார்க்கலாம்.

அடுத்து, முகங்கள். இந்த விலையைப் பெரும்பாலும் பெண்களே செலுத்துகிறார்கள். 2022ல் கடன் செயலிகள் தவணை கட்டாதவர்களின் படங்களை ஆபாசமாகத் திரித்து உறவினர்களுக்கு அனுப்பி மிரட்டிய செய்திகள் தமிழகத்திலும் வந்தன. அதற்கு அன்று ஓரளவேனும் கைத்திறன் தேவைப்பட்டது. 2025 இறுதியில் எக்ஸ் தளத்தின் க்ரோக்கிடம், பெண்களின் படத்தைக் காட்டி ஆடையை அகற்றச் சொன்னார்கள், அது செய்தது. 2026 ஜனவரி 2 அன்று இந்திய அரசு அந்நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பியது. ஒரு வாரத்தில், அந்தத் தளத்தில் படம் செய்யும் வசதி கட்டணம் செலுத்துவோருக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. போப்பாண்டவர் படத்தின்போது மிட்ஜர்னி செய்ததும் அதுவே. குற்றம் நிகழும்போது கண்டெடுக்கப்படும் முதல் தீர்வு விலையாக இருக்கிறது. தவறு செய்தவன் பணம் கட்டித் தொடரலாம், குதிரையைப் பறக்கவிட்டவள் வெளியேற்றப்படுவாள். 2026 பிப்ரவரியில் இந்திய அரசு தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தி, செயற்கையாக உருவாக்கப்பட்டவை அவ்வாறே அடையாளமிடப்பட வேண்டும் என்றது. அது சரியான திசையில் ஓர் அடி. அடையாளமிட்டாலும் அவமானம் அவமானமே.

6

இந்த நிலத்துக்கு, தொழிற்சாலைகளுக்கு ஆயிரம் ஆண்டுகள் முன்பிருந்தே உருவங்களைப் பற்றிய ஒரு மரபு உண்டு. ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். 1017 என்பது மரபுவழி ஆண்டு. அவர் வாழ்ந்த காலத்திலேயே அவருடைய உருவம் வடிக்கப்பட்டதாகவும், அவர் அதைத் தழுவி ஏற்றுக்கொண்டதாகவும் வைணவர்கள் சொல்வார்கள். ஆகவே இவ்வூர்த் திருமேனிக்குத் தானுகந்த திருமேனி என்று பெயர். மேலக்கோட்டையில் இருப்பது தமருகந்த திருமேனி: அவரைப் பிரிய மனமில்லாத அடியார்கள் விரும்பி வைத்துக்கொண்டது. திருவரங்கத்தில் இருப்பது தானான திருமேனி.

பக்தியைத் தள்ளி வைத்துவிட்டு இந்தச் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் அவை நமக்கு உதவும். ஓர் உருவத்தை அதைக் காண்பவர்கள் விரும்புவது ஒன்று. உருவத்துக்கு உரியவர் தாமே இசைந்து ஏற்பது வேறொன்று. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைக்கும் அளவுக்கு நம் முன்னோர் அந்த வேறுபாட்டை மதித்திருக்கிறார்கள். இன்றைய மலிவுச் சித்திரங்களில் பெரும்பகுதி தமருகந்தவை. தானுகந்தவை மிகக் குறைவு.

தமிழ் இலக்கிய வாசகர்களுக்கு இதில் தனிப்பட்ட பங்கு இருக்கிறது. நம் சிறுபத்திரிகைகளிடம் எந்நாளும் காசு இருந்ததில்லை. ஆயினும் அவற்றில் பல படங்களோடு வந்தன. ஆதிமூலத்தின் கோடுகள் நவீன எழுத்தோடு இணைந்தே நம் நினைவில் இருக்கின்றன. கி. ராஜநாராயணனின் கரிசல் காட்டுக் கடுதாசியை அவருடைய சித்திரங்களின்றி எண்ணிப்பார்ப்பது கடினம். கவிஞன் ஓவிய நண்பனிடம் கேட்பான்; ஓவியன் படித்துவிட்டு, தனக்குத் தோன்றியதை வரைந்து தருவான்; சில சமயம் கதை பிடிக்கவில்லை என்று மறுத்தும் விடுவான். இலவசப் படம் நம்மிடையே முன்பே இருந்தது. கேட்பதும் கொடுப்பதும் மறுப்பதும் அதன் நடைமுறை. கேட்கவேண்டிய அவசியமே இல்லாத இலவசம்தான் இப்போது புதியது. அதனால் நாம் இழக்கக்கூடியது ஓவியத்தைவிடவும் அந்த வாசிப்பை: நம் கதையை நம்மிலிருந்து வேறான ஒருவர் படித்து, நாம் எழுதாத ஒன்றை அதில் கண்டு வரையும் வாசிப்பை.

ஆகவே மலிவான வழி எது என்று கேட்கும் நண்பருக்கு இவ்வாறு சொல்லலாம். கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணிப்பொறி கைவசம் இருந்தால், ஃப்ளக்ஸ் போன்ற திறந்த மாதிரியை அதிலேயே நிறுவிக்கொள்ளுங்கள். நீண்டகால நோக்கில் அதைவிட மலிவில்லை. செல்பேசி மட்டும் இருந்தால், இலவசமாகக் கிடைக்கும் சேவையைப் பயன்படுத்துங்கள்; இலவசம் முடியும் தேதியைக் குறித்து வையுங்கள். வாழும் ஓவியர் ஒருவரின் பெயரைச் சொல்லி அவர் பாணியைக் கேட்காதீர்கள். பிறருடைய முகத்தைக் கொடுக்குமுன் அவரைக் கேளுங்கள். குழந்தைகளின் முகத்தைக் கொடுக்கவே வேண்டாம். வெளியிடும்போது இது கணிப்பொறி செய்தது என்று ஒரு வரி எழுதுங்கள். குழந்தைக்குச் சொன்ன யானையையும் குலதெய்வத்தின் குதிரையையும் தயங்காமல் செய்து பாருங்கள். புத்தகத்தின் அட்டைக்கு மட்டும், உங்களுக்குத் தெரிந்த ஓவியர் ஒருவரிடம் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துவிட்டு, அவர் படித்து முடிக்கும்வரை காத்திருங்கள்.